திரை வழியே மனநல சிகிச்சை: அறை முதல் மருந்து வரை கவனிக்க வேண்டியவை

மனநல மருத்துவமனைக்கு நேரில் போகும்போது, சிகிச்சைக்கு வேண்டிய ஏற்பாட்டில் பாதியை அந்தக் கட்டடமே செய்துவிடுகிறது. கதவைச் சாத்தினால் பேச்சு வெளியே கேட்காது. வரவேற்பில் இருப்பவர் முகவரியையும் உடன் வந்தவரின் எண்ணையும் எழுதிக்கொள்வார். நீங்கள் நடந்து வரும் விதம், கை நடுக்கம், உட்கார முடியாத தவிப்பு, மூச்சில் மது வாடை எல்லாம் மருத்துவர் கவனத்துக்குத் தானாக வரும். திரும்பும் வழியில் மனமும் சற்று ஆறும். வீடியோ காலில் இவை எதுவும் தானாக நடக்காது. ஒவ்வொன்றையும் நீங்கள் முயன்று செய்ய வேண்டும். ஆன்லைன் சிகிச்சை பலிக்கவில்லை என்று பாதியில் விடுபவர்கள் பல சமயம் சறுக்குவது சிகிச்சை முறையில் அல்ல, இந்த ஏற்பாடுகளில்தான். அவற்றைச் செய்துகொள்ளும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் தயக்கத்தைப் பற்றி

“நேரில் பார்க்காமல் என்ன தெரிந்துவிடப் போகிறது?” என்பது பொதுவான ஐயம். தூரத்திலிருந்து மனநல சிகிச்சை தருவது நேற்று வந்த முறை அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1950களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சி இணைப்பு வழியாகக் குழு சிகிச்சை நடத்தினார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் மனநல சேவையின் பெரும்பகுதி திரைக்கு மாறியது. மனச்சோர்வு, பீதித் தாக்கு, மனிதர்களைச் சந்திப்பதில் வரும் பதற்றம் ஆகியவற்றுக்குத் தரப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இணையம் வழியாகத் தரப்படும்போதும் நேரில் தருவதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கே ஒரு நிபந்தனை உண்டு: மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து வழிநடத்த வேண்டும். ஆப்பில் பாடங்களை மட்டும் படித்துத் தாமாகச் செய்யும் முறையில் பலனும் குறைகிறது, பாதியில் விடுபவர்களும் அதிகம்.

“வீட்டில் கேட்டுவிடுவார்கள்” என்ற பயம் நியாயமானது. அதற்கான வழிகளைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

மூன்றாவது ஒன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. வெளியே போகவே பயப்படுகிற ஒருவருக்கு ஆன்லைன் சிகிச்சை நல்ல நுழைவாயில். ஆனால், வெளியே போகாமலே இருப்பதற்கு அதுவே வசதியாகவும் ஆகிவிடும். எனவே ஒளிந்துகொள்ளும் பழக்கமே நோயின் பகுதியாக இருப்பவர்கள், எந்தக் கட்டத்தில் வெளியே போகும் பயிற்சி தொடங்கும் என்று முதல் வாரங்களிலேயே சிகிச்சையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே தெருவில் நடக்கும் பயிற்சிகூட உண்டு. மறுபுறம், கைகழுவுதல், பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தல் போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு ஆன்லைன் ஒருவகையில் கூடுதல் வசதி. பதற்றம் கிளம்புகிற அதே கழுவுதொட்டி, அதே கதவின் முன்னால் நின்று பயிற்சி செய்யலாம். மருத்துவமனை அறையில் அதற்கு வழியில்லை.

யார் நேரில்தான் போக வேண்டும்

உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டமோ அதற்கான பொருளோ கையில் இருந்தால், அடுத்த வாரத்துக்கு வீடியோ அமர்வு பதிவு செய்வது தீர்வல்ல. அருகில் இருக்கும் ஒருவரை உடனே அழையுங்கள். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்தப் பொருள் உங்கள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஆன்லைன் மருத்துவர் எவ்வளவு திறமைசாலியானாலும் கதவைத் தட்டி உள்ளே வர அவரால் முடியாது.

இல்லாத குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் பெருக்கெடுக்கும் உற்சாகம், பேச்சும் அசைவும் நின்றுபோன நிலை ஆகியவற்றையும் முதலில் நேரில்தான் காட்ட வேண்டும். சாப்பாட்டைத் தவிர்த்து உடல் வேகமாக மெலிகிறவர்களுக்கு எடை, நாடித் துடிப்பு, ரத்தப் பரிசோதனை இல்லாமல் பாதுகாப்பான சிகிச்சை கிடையாது. தினமும் அதிகம் குடிக்கும் ஒருவர், ஆன்லைன் ஆலோசனையின் உற்சாகத்தில் ஒரே நாளில் தானாக நிறுத்திவிடுவது மிக ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். ஆன்லைனில் தொடங்கினாலும், அருகிலுள்ள பொது மருத்துவரிடம் ஒருமுறை உடலைக் காட்டி, ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பிவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

ஆப்களில் எல்லோரையும் ‘நிபுணர்’ என்றே போட்டிருப்பார்கள். வேறுபாடு முக்கியமானது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயை அறுதியிட்டு மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் பரிசோதனைகளும் பேச்சு சிகிச்சையும் தருவார். பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். ஆலோசகர்களின் படிப்பு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடும். ‘வாழ்க்கைப் பயிற்சியாளர்’ என்ற பெயருக்குப் பல இடங்களில் எந்த உரிமமும் தேவையில்லை.

பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, அவர் பதிவு பெற்ற மன்றத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஆப் காட்டும் சரிபார்ப்புக் குறியை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: பல நாடுகளில், பேசும் நேரத்தில் நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அவருக்கு உரிமம் செல்லுபடியாகும். வெளிநாட்டுப் பயணத்தின்போது அமர்வு திடீரென ரத்தாவதற்கு இதுதான் காரணம். பயணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அனுப்ப வேண்டிய செய்தி நான்கு கேள்விகளுக்குள் அடங்கும்: என் பிரச்சினை இது, இதில் உங்களுக்குப் பயிற்சி உண்டா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், சுமார் எத்தனை அமர்வு? இரண்டு அமர்வுகளுக்கு நடுவே நெருக்கடி வந்தால் நான் யாரைத் தொடர்புகொள்வது? ரத்து செய்தால் கட்டணம் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாதவரைத் தவிர்ப்பது நல்லது.

அறையும் கருவியும்

பேச்சு யார் காதிலும் விழாது என்ற நிச்சயம் இல்லாவிட்டால் நீங்கள் உண்மையைப் பாதிதான் சொல்வீர்கள். சிகிச்சையும் அந்தப் பாதிக்குத்தான் நடக்கும். ஆகவே கேமராவைவிட, நெட் வேகத்தைவிட, இதற்கே அதிகம் மெனக்கெடுங்கள்.

இயர்போன் போட்டால் மருத்துவர் பேசுவது வெளியே கேட்காது. ஆனால் நீங்கள் பேசுவது கேட்கும். கதவின் அடியிலுள்ள இடைவெளிதான் ஒலி கசியும் முக்கிய வழி. ஒரு துணியைச் சுருட்டி அங்கே அடையுங்கள். கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியோ மழைச் சத்தம் எழுப்பும் பழைய செல்பேசியோ ஓடட்டும். அதை அறைக்குள் வைத்தால் உங்கள் மைக் அதையே பிடிக்கும். துணிகள் நிறைந்த அலமாரி இருக்கும் அறை, வெறும் சுவர் அறையைவிட ஒலியை நன்றாக உள்வாங்கும். குரலுக்குக் காத்திருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் வழியே இல்லையென்றால் நிறுத்திய காரில் கண்ணாடியை ஏற்றி உட்காரலாம். ஓட்டிக்கொண்டே பேசுவது மட்டும் கூடாது. அழுகை கண்ணை மறைக்கும் நேரமும் வரும், பொறுப்புள்ள சிகிச்சையாளர் அமர்வை நிறுத்தியும் விடுவார்.

வீட்டாரிடம் முழுக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. “செவ்வாய் ஆறிலிருந்து ஏழு வரை எனக்கு ஒரு கால் இருக்கிறது, கதவைத் தட்டாதீர்கள்” என்பது போதும். குழந்தைகள் இருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். வாரா வாரம் ஒரே நேரமாக இருப்பது இதற்கெல்லாம் உதவும்.

கருவியைப் பொறுத்தவரை, ஒலிதான் முதலில். படம் அதற்குப் பிறகு. கம்பி உள்ள, மைக் சேர்ந்த இயர்போன் மலிவானதாக இருந்தாலும், நடுவில் சார்ஜ் தீர்ந்துபோகும் புளூடூத்தைவிட நம்பகமானது. வீடியோ தெளிவாகப் போக நொடிக்கு 1 முதல் 1.5 மெகாபிட் வேகம் பொதுவாகப் போதும், ஆனால் அது பதிவிறக்கத்தில் மட்டுமல்ல, பதிவேற்றத்திலும் வேண்டும். உங்கள் குரல் வெட்டி வெட்டிப் போவதற்குப் பெரும்பாலும் பதிவேற்றமே காரணம். வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பு ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

செல்பேசியைக் கையில் பிடிக்காமல் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் சரி. முகத்தோடு தோளும் கையும் திரையில் தெரிய வேண்டும். வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகி உங்கள் உணர்ச்சியே தெரியாது. உங்கள் முகத்தை உங்களுக்கே காட்டும் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது களைப்பு தரும். தோற்றத்தைப் பற்றிய கவலை உள்ளவர்களுக்கு அது தனிச் சித்திரவதை.

பத்து நிமிடம் முன்பே லிங்கைத் திறந்து, கேமரா, மைக் அனுமதிகளைச் சரிபாருங்கள். முதல் அமர்வில் காலதாமதத்துக்குப் பொதுவான காரணம், பிரவுசர் மைக் அனுமதியைத் தடுத்து வைத்திருப்பது. தண்ணீர், கைக்குட்டை, ஒரு தாள், பேனா பக்கத்தில் இருக்கட்டும். மற்ற அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.

முதல் அமர்வு

நல்ல சிகிச்சையாளர் தொடக்கத்திலேயே நீங்கள் இப்போது இருக்கும் முகவரியையும், அவசரத்தில் அழைக்க ஒருவரின் எண்ணையும் கேட்பார். வேவு பார்ப்பதற்காக இல்லை. பேச்சின் நடுவே உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால், உதவியை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேறு இடத்திலிருந்து பேசும் நாளில் அதை முதலிலேயே சொல்லுங்கள். ரகசியத்துக்கு எங்கே வரம்பு என்றும் கேளுங்கள்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு போன்ற நிலைகளில் அவர் பிறரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கலாம். அமர்வைப் பதிவு செய்கிறார்களா, குறிப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டியவை.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி ஒப்பந்தம் போதும்: “ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப இணையாவிட்டால், நீங்கள் என்னைத் தொலைபேசியில் அழைப்பீர்கள்.” யார் அழைப்பது என்று பேசாமல் விட்டால் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து இரண்டு பக்கமும் ‘பிசி’ என்றே வரும். அதைவிட மோசம், மனதில் இருந்ததைச் சொல்லிமுடித்த நொடியில் திரை உறைந்துபோனால், ‘இவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை’ என்று நொந்த மனம் நினைத்துக்கொள்ளும்.

வன்முறை உள்ள வீட்டில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றை முதல் அமர்விலேயே முடிவு செய்ய வேண்டும்: ஒரு சங்கேதச் சொல். அதைச் சொன்னால், யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று சிகிச்சையாளர் புரிந்துகொண்டு பேச்சைச் சாதாரண விஷயத்துக்கு மாற்றுவார். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்படியும் அவர் கேள்வியை அமைக்கலாம். செல்பேசியை மற்றவர் சோதிப்பார் என்றால், அந்தக் கருவியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். வேலை செய்யும் இடத்திலோ நம்பிக்கையானவர் வீட்டிலோ உள்ள வேறு கருவியிலிருந்து பேசுங்கள்.

பேசும்போது

திரையில் தெரியாததை வாயால் சொல்ல வேண்டும். இதுதான் ஆன்லைனில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறமை. கால் ஆடுகிறதா, வயிறு இறுகுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, சொல்லுங்கள். காலையிலிருந்து குளிக்கவில்லை, நேற்று குடித்தேன், கையில் வெட்டிக்கொண்ட காயம் இருக்கிறது என்பனவற்றையும் சொல்லுங்கள். நேரில் இவற்றில் பாதி கேட்காமலே தெரிந்திருக்கும்.

இணைப்பில் ஒலி அரை நொடி தாமதித்தாலே இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். மௌனமோ கோபம் போலத் தோன்றும். “இப்போது யோசிக்கிறேன், இணைப்பு அறவில்லை” என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். அவர் வேறெங்கோ பார்ப்பதாகத் தோன்றினால் கேட்டுவிடுங்கள், குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. திரைக்கு முன்னால் மனத்தடை தளர்ந்து, நேரில் சொல்லத் துணியாததையெல்லாம் மனிதர்கள் வேகமாகக் கொட்டிவிடுவதை உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விளக்கினார். உதவிதான், ஆனால் பழைய கொடுமை ஒன்றை முதல் அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டு, ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தியதும் தனி அறையில் தனியாக இருப்பது தாங்க முடியாததாகலாம். கனமான விஷயம் இருந்தால் தொடக்கத்திலேயே “இன்று ஒன்று பேச வேண்டும்” என்று அறிவியுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை மனத்தை ஆற்றுவதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அமர்வு முடிந்த உடனே அலுவலகக் கூட்டத்தில் சேராதீர்கள். பதினைந்து நிமிடம் விடுங்கள். மூன்று வரி எழுதுங்கள், எழுந்து நடங்கள். அமர்வு நடந்த அதே படுக்கையில் அன்றிரவு தூங்க வேண்டியிருந்தால், முடிந்தவரை படுக்கையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள்.

எழுத்து மூலம் மட்டும் நடக்கும் சேவை வெட்கம் மிகுந்தவர்களுக்குத் தொடக்கமாக உதவும். பதில் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடிக்கு அது ஏற்றதல்ல. சாட்பாட் பற்றியும் ஒரு சொல். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற எளிய உரையாடல் நிரலிடமே மக்கள் மனம் திறந்து பேசினார்கள். பேசத் தோன்றுவது சிகிச்சை நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது. மூச்சுப் பயிற்சியை நினைவூட்ட, எண்ணங்களை எழுதி வைக்க அதைப் பயன்படுத்தலாம். நோயை அறுதியிடவோ, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்கவோ, உயிர் ஊசலாடும் இரவில் துணையாகவோ வேண்டாம்.

மருந்து எழுதும்போது

சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டையையும் கேமராவில் காட்டுங்கள். மூலிகை மருந்தும் தூக்க மாத்திரையும் இதில் சேரும். பெயரை வாயால் சொன்னால் தவறாகக் கேட்க வாய்ப்புண்டு. கர்ப்பம், பாலூட்டுதல், வலிப்பு, இதய நோய், குடும்பத்தில் இருமுனைய நோய் (மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) இருந்ததா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம்: இருமுனைய நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தைத் தனியாகத் தந்தால் மனம் எதிர்த்திசையில் பொங்கிவிடலாம்.

மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். குமட்டல், அமைதியின்மை போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வரும். பலன் வருவதற்குள் தொல்லை வந்துவிடுவதால்தான் பலர் இரண்டாம் வாரத்தில் நிறுத்துகிறார்கள். எனவே மருந்து தொடங்கி ஒன்று, இரண்டு வாரத்துக்குள் ஒரு சிறு மறுபார்வை அழைப்பை அன்றே பதிவு செய்யுங்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறையுங்கள்.

இருமுனைய நோய்க்குத் தரப்படும் லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவை, கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டியவை. எந்தப் பரிசோதனையும் கேட்காமல் மாதா மாதம் லித்தியம் எழுதித் தரும் ஆன்லைன் சேவையிலிருந்து விலகுங்கள். பழக்கமாகிவிடும் தூக்க, பதற்ற மாத்திரைகளை ஆன்லைனில் தர மறுப்பவரும் பெரும்பாலும் சட்டத்தை மதித்துத்தான் மறுக்கிறார்.

உங்கள் தகவல்

பின்லாந்தின் வஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட நோயாளிக் குறிப்புகளை வைத்து, 2020இல் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். பயனர்களின் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததாக வந்த புகாரில், பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனம் 78 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் ஆணையிட்டது. இதனால் ஆன்லைனே வேண்டாம் என்பதில்லை. சேருமுன் கேட்கும் நீண்ட கேள்விப் படிவத்தில் தேவைக்கு மேல் நிரப்பாதீர்கள். உள்மனதைச் சிகிச்சையாளரிடம் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். சமூக ஊடகக் கணக்கு வழியாக உள்நுழையாதீர்கள். தனி மின்னஞ்சல், தனிக் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். பகிர்ந்த காலெண்டரில் அமர்வின் தலைப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். அலுவலகக் கணினியில் வேண்டவே வேண்டாம்.

பலிக்கிறதா என்று அளப்பது

மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் கடுமையை நெருங்குவது, 20 முதல் கடுமை. பதற்றத்துக்கு ஜிஏடி-7, மொத்தம் 21. இவை நோயை உறுதி செய்யாது. ஏற்ற இறக்கத்தைக் காட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரே கிழமையில் நிரப்பி அனுப்புங்கள். ஐந்து புள்ளி குறைவதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வார்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 அல்லாத எந்தப் பதிலையும் அன்றே வாயால் சொல்லுங்கள், படிவத்தை அவர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

நான்கிலிருந்து ஆறு அமர்வு கழித்தும் எண் அசையாவிட்டால் அதை நேராகக் கேளுங்கள்: “எனக்கு மாற்றம் தெரியவில்லை, முறையை மாற்றலாமா, நேரில் பார்க்கலாமா, வேறு ஒருவரிடம் அனுப்புவீர்களா?” இப்படிக் கேட்பதால் நல்ல சிகிச்சையாளர் புண்படமாட்டார். மாறுவதென்றால் செய்தி அனுப்பாமல் மறைந்துவிடாமல் ஒரு கடைசி அமர்வு எடுங்கள். அதில் சிகிச்சைச் சுருக்கம், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், இதுவரை முயன்று பலிக்காதவை, வினாத்தாள் எண்கள் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால், அடுத்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.